ரேட்டிஃபை: காரியம் நடந்த பிறகு வரும் ஒப்புதல்

ஒப்புதல் தருவதைக் குறிக்க ஆங்கிலத்தில் வினைச்சொற்கள் பல உண்டு. அப்ரூவ், சேங்ஷன், எண்டோர்ஸ், கன்ஃபர்ம், அசெண்ட், ரேட்டிஃபை என்று வரிசை நீளும். தமிழில் எழுதும்போது இவை எல்லாவற்றையும் ‘அங்கீகரித்தல்’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுவது வழக்கமாகிவிட்டது. செய்தி படிப்பவருக்கு இது போதுமானதாக இருக்கலாம். ஆனால், ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் உட்கார்ந்து, ‘ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம்’ என்று தலைவர் சொல்லும்போது கை தூக்கும் உறுப்பினருக்கு இது போதாது. எந்தச் சொல்லுக்குக் கை தூக்குகிறோம் என்று தெரியாமல் தூக்கினால், யார் செய்த செலவை யாருடைய கணக்கில் ஏற்றுகிறோம் என்பதும் தெரியாமல் போகும். அந்த வகையில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் சொல் ‘ரேட்டிஃபை’ என்பதாகும்.

முதலில் ஒரு சிறு எச்சரிக்கை. இச்சொல்லை ‘ரெக்டிஃபை’ என்ற இன்னொரு சொல்லோடு குழப்பிக்கொள்பவர்கள் படித்தவர்களிலும் இருக்கிறார்கள். ரெக்டிஃபை என்றால் பிழையைத் திருத்துவது. ரேட்டிஃபை என்றால் நடந்ததை ஏற்று உறுதிப்படுத்துவது. காதில் விழும் வேறுபாடு சிறியது; விளைவில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. தவறைத் திருத்தச் சொல்வதாக நினைத்துக் கை தூக்கியவர், தவறையே ஏற்றுக்கொண்டவராகி விடுவார்.

இச்சொல்லின் வேர் லத்தீன் மொழியில் இருக்கிறது. ‘ராட்டுஸ்’ என்றால் கணக்கிடப்பட்டது, முடிவாக நிலைபெற்றது என்று பொருள். அதோடு ‘செய்தல்’ என்னும் பொருள் தரும் வினை சேர்ந்து, பிரெஞ்சு மொழி வழியாக 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்து சேர்ந்தது. வங்கியில் கேட்கும் ‘ரேட்’, பள்ளிக் கணக்கில் வரும் ‘ரேஷியோ’ ஆகிய சொற்களும் அதே வேரில் பிறந்தவைதாம். ஆகவே, ஆடிக்கொண்டிருக்கும் ஒன்றை நிலைநிறுத்துவது என்பதே ரேட்டிஃபை என்பதன் அடிப்படைப் பொருள்.

இங்கேதான் அப்ரூவ் என்ற சொல்லிலிருந்து அது பிரிந்து போகிறது. அப்ரூவ் என்பது காரியத்துக்கு முன்னும் வரலாம், பின்னும் வரலாம். விடுமுறை விண்ணப்பத்தை அப்ரூவ் செய்கிறார்கள். கட்டட வரைபடத்தை நகராண்மைக் கழகம் அப்ரூவ் செய்கிறது. இவற்றை ரேட்டிஃபை செய்ய முடியாது. ஏனென்றால், இன்னும் எதுவும் நடக்கவில்லை. ரேட்டிஃபை என்ற சொல் வாயில் வரவேண்டுமானால், அதற்கு முன்பே யாரோ ஒருவர் ஏதோ ஒன்றைச் செய்திருக்க வேண்டும். கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். பேசி முடித்திருக்க வேண்டும். அவர் செய்தது இன்னும் முழுமை பெறாமல் நிற்கிறது. அதிகாரம் உள்ளவர் வந்து ‘சரி, இது என்னுடையதே’ என்று சொல்வதே ரேட்டிஃபை. தமிழில் இதற்கு ஏற்புறுதி, பின்னேற்பு என்ற சொற்கள் வழங்குகின்றன. நாடுகளின் உடன்படிக்கைக்கு முதல் சொல்லும், வணிகத்திலும் சங்கங்களிலும் நடக்கும் காரியத்துக்கு இரண்டாவது சொல்லும் நன்றாகப் பொருந்துகின்றன.

பரிசமும் தாலியும்

நாளிதழ் வாசகர்கள் இச்சொல்லை அதிகம் சந்திப்பது உலகச் செய்திகளில்தான். ஒரு நாட்டின் அமைச்சர் உடன்படிக்கையில் கையெழுத்திடும் படம் முதல் பக்கத்தில் வருகிறது. அதோடு அந்த நாடு கட்டுப்பட்டுவிட்டது என்று பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலான பெரிய உடன்படிக்கைகளில் அப்படி இல்லை. கையெழுத்து என்பது பரிசம் போடுவதைப் போன்றது. ஏற்புறுதிதான் தாலி கட்டுவது.

இந்த ஒப்புமை மேலோட்டமானதன்று. உடன்படிக்கைகள் பற்றி 1969இல் உருவாகி 1980இல் நடப்புக்கு வந்த வியன்னா ஒப்பந்தம் இருக்கிறது. ஏற்புறுதி தரப்படும் என்ற நிபந்தனையோடு கையெழுத்திட்ட நாடு, தன் முடிவைத் தெளிவாகச் சொல்லும் வரையில், அந்த உடன்படிக்கையின் நோக்கத்தையே குலைக்கும் காரியங்களைச் செய்யக்கூடாது என்கிறது அது. பரிசம் போட்ட பிறகு இன்னொரு வீட்டில் பெண் பார்க்கப் போகக்கூடாது என்பதுபோலத்தான். ஆனாலும் பரிசம் திருமணமாகாது.

மலேசியாவும் சிங்கப்பூரும் பங்கு பெற்ற ஓர் உடன்பாட்டைப் பார்த்தால் இது தெளிவாகும். பசிபிக் வட்டாரத்தைச் சேர்ந்த 11 நாடுகள் 2018 மார்ச் 8ஆம் நாள் சிலி நாட்டின் சாந்தியாகோ நகரில் சிபிடிபிபி வாணிப உடன்பாட்டில் கையெழுத்திட்டன. ஒரே மேசை, ஒரே நாள். சிங்கப்பூர் அதே ஆண்டு ஜூலையில் ஏற்புறுதி தந்தது. முதலில் ஏற்புறுதி தந்த ஆறு நாடுகளுக்கிடையே 2018 டிசம்பர் 30ஆம் நாள் உடன்பாடு நடப்புக்கு வந்தது. மலேசியா ஏற்புறுதி தந்ததோ 2022 செப்டம்பர் 30ஆம் நாள். அதற்கு உடன்பாடு நடப்புக்கு வந்தது அவ்வாண்டு நவம்பர் 29ஆம் நாள். கையெழுத்துக்கும் ஏற்புறுதிக்கும் இடையே நான்கரை ஆண்டுகள். அந்தக் காலம் முழுவதும் மலேசிய ஏற்றுமதியாளருக்கு அந்த உடன்பாட்டின் வரிச் சலுகை எதுவும் கிடைக்கவில்லை. கையெழுத்திட்ட பேனாவுக்கு மட்டும் பெருமை.

அமெரிக்கா இதைவிடப் பெரிய உதாரணம். புவி வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் கியோத்தோ உடன்படிக்கையில் அது 1998 நவம்பரில் கையெழுத்திட்டது. ஏற்புறுதி மட்டும் வரவே இல்லை. இதில் செய்தி எழுதுவோர் அடிக்கடி செய்யும் ஒரு பிழையும் இருக்கிறது. ‘அமெரிக்க செனட் சபை உடன்படிக்கையை ரேட்டிஃபை செய்தது’ என்று எழுதுகிறார்கள். சட்டப்படி செனட் சபை செய்வது, வாக்களித்தவர்களில் மூன்றில் இரு பங்கினரின் ஆதரவோடு இசைவு தெரிவிப்பது. அதன் பிறகு ரேட்டிஃபை செய்பவர் அதிபர். இசைவு கிடைத்த பின்னும் அவர் செய்யாமலே விட்டுவிடலாம்.

மலேசியாவில் நடைமுறை வேறு. உடன்படிக்கைக்கு ஏற்புறுதி தருவது அமைச்சரவையின் முடிவு. அதற்கு நாடாளுமன்ற வாக்கெடுப்பு கட்டாயமில்லை. ஆனால், உள்நாட்டில் அது சட்டமாகச் செயல்பட வேண்டுமானால் நாடாளுமன்றம் தனியாகச் சட்டம் இயற்ற வேண்டும்.

கையெழுத்தே இடாத நாடு ஓர் உடன்படிக்கைக்குள் நேரடியாக நுழைவதும் உண்டு. அதற்கு ஆங்கிலத்தில் ‘அக்சீட்’ என்ற வேறு சொல் இருக்கிறது. தமிழில் ‘இணைதல்’ எனலாம். சிறுவர் உரிமை ஒப்பந்தத்தில் மலேசியாவும் சிங்கப்பூரும் 1995இல் சேர்ந்தது இந்த வழியில்தான். கியோத்தோ உடன்படிக்கையில் மலேசியா கையெழுத்திட்டு 2002இல் ஏற்புறுதி தந்தது. சிங்கப்பூர் 2006இல் இணைந்தது. முடிவில் கடமை ஒன்றுதான். வந்த வாசல்தான் வேறு.

இந்த வேறுபாட்டை மலேசியர்கள் கூர்ந்து கவனித்திருக்க வேண்டிய ஆண்டு 2019. அனைத்துலகக் குற்றவியல் நீதிமன்றத்தை அமைத்த ரோம் சட்டத்தை மலேசியா ‘ரேட்டிஃபை செய்துவிட்டது’ என்றே அப்போது பேச்சு அடிபட்டது. அந்தச் சட்டத்தில் கையெழுத்திடும் காலம் 2000ஆம் ஆண்டு இறுதியோடு முடிந்துபோனது. மலேசியா கையெழுத்திட்டிருக்கவில்லை. எனவே 2019 மார்ச் 4ஆம் நாள் அது சமர்ப்பித்தது இணைவு ஆவணம். நாட்டில் எதிர்ப்பு கிளம்ப, ஏப்ரல் 5ஆம் நாள் பின்வாங்கும் முடிவு அறிவிக்கப்பட்டது. ஜூன் 1ஆம் நாள் நடப்புக்கு வரவிருந்ததற்கு முன்பே ஆவணம் மீட்டுக்கொள்ளப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டு நவம்பரில், இனப் பாகுபாட்டை ஒழிக்கும் ஐ.நா. ஒப்பந்தத்தை ‘ரேட்டிஃபை செய்யமாட்டோம்’ என்று அரசாங்கம் அறிவித்தபோதும் அப்படித்தான். மலேசியா அதில் கையெழுத்தே இட்டிருக்கவில்லை. சிங்கப்பூரோ அதே ஒப்பந்தத்தில் 2015இல் கையெழுத்திட்டு, 2017இல் ஏற்புறுதி தந்திருந்தது. அங்கே அச்சொல் முழுப் பொருத்தம்.

தலைவர் வாங்கினார், யார் கட்டுவது?

உடன்படிக்கைகள் அமைச்சர்களின் கவலை. சாதாரண மனிதரின் பணப்பையைத் தொடும் ரேட்டிஃபை வேறு இடத்தில் இருக்கிறது.

ஒரு கூட்டுறவுக் கழகத்தை எடுத்துக்கொள்வோம். அதன் விதிப்படி தலைவர் தம் விருப்பத்தில் 5,000 வெள்ளி வரை செலவு செய்யலாம். அதற்கு மேல் போனால் செயலவையின் அனுமதி வேண்டும். தலைவர் ஒருநாள் கழகத்தின் பெயரில் 48,000 வெள்ளிக்கு ஒரு வேன் வாங்கிவிடுகிறார். நல்ல விலை, நழுவவிடக்கூடாது என்று நினைத்திருக்கலாம். விற்றவர் பணம் கேட்கிறார். இப்போது கழகத்துக்கு முன் இரண்டு வழிகள். ‘எங்களைக் கேட்காமல் வாங்கியது, நாங்கள் பொறுப்பில்லை’ எனலாம். அல்லது, ‘சரி, வாங்கியது வாங்கியதுதான்’ என்று பின்னேற்பு செய்யலாம்.

மலேசியாவின் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் 149ஆம் பிரிவிலிருந்து 153ஆம் பிரிவு வரை இதைப் பற்றித்தான் பேசுகிறது. அது 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் வழி வந்தது. அங்கே 196 முதல் 200 வரையுள்ள பிரிவுகள் இவையே. சிங்கப்பூரில் அப்படி ஒரு தொகுப்புச் சட்டம் இல்லை. நீதிமன்றத் தீர்ப்புகளின் வழி வந்த ஆங்கிலப் பொதுச் சட்டம் அங்கே வேலை செய்கிறது. சாரம் பெரிதும் ஒன்றே.

பின்னேற்பு செய்துவிட்டால், முதலிலேயே அதிகாரம் கொடுத்து வாங்கச் சொன்னதைப் போல் ஆகிவிடும். அதாவது, ஒப்புதல் கூட்டம் நடந்த நாளிலிருந்து அல்ல, வேன் வாங்கிய நாளிலிருந்தே பொறுப்பு தொடங்கும். இங்கிலாந்தில் 1889இல் தீர்ப்பான ஒரு வழக்கு இதை எல்லை வரை கொண்டுபோனது. லேம்பர்ட் என்பவர் ஒரு சொத்தை வாங்க முன்வந்தார். எதிர்த்தரப்பின் நிர்வாகி, அதற்குரிய அதிகாரம் இல்லாமலே ‘சரி’ என்றார். பின்னர் லேம்பர்ட் மனம் மாறி விலகினார். அவர் விலகிய பிறகு நிறுவனம் நிர்வாகியின் சொல்லைப் பின்னேற்பு செய்தது. நீதிமன்றமோ லேம்பர்ட் கட்டுப்பட்டவர் என்றது. பின்னேற்பு பின்னோக்கிப் பாய்ந்து, அவர் விலகுவதற்கு முந்திய நாளிலேயே ஒப்பந்தத்தை முழுமையாக்கிவிட்டது என்பது அதன் காரணம். இது நியாயம்தானா என்று சட்ட அறிஞர்களே பின்னாளில் கேள்வி எழுப்பியிருக்கிறார்கள். கேட்கத்தான் வேண்டும்.

பின்னேற்பு வாயால்தான் சொல்ல வேண்டும் என்பதில்லை. நடத்தையாலும் நிகழ்ந்துவிடும். சட்டமே ஓர் உதாரணம் தருகிறது: ஒருவருடைய பணத்தை அவரைக் கேட்காமலே இன்னொருவர் கடன் கொடுத்துவிடுகிறார். பணத்துக்குச் சொந்தக்காரர் பிறகு அந்தக் கடனுக்கு வட்டி வாங்கிக்கொண்டால், கடன் கொடுத்ததை ஏற்றவராகிறார். மேலே சொன்ன கழகம் தீர்மானம் எதுவும் போடாமல், அந்த வேனில் ஆறு மாதம் பொருள் ஏற்றி இறக்கிவிட்டு, ‘நாங்கள் வாங்கச் சொல்லவில்லை’ என்றால் அது எடுபடாது. அதேபோல், பாதியை ஏற்று மீதியை மறுக்கவும் முடியாது. வேன் வேண்டும், அதனுடன் எழுதிக்கொடுத்த தவணை நிபந்தனை வேண்டாம் என்பது செல்லாது.

உறுப்பினர்களுக்குப் பாதுகாப்பு 151ஆம் பிரிவில் இருக்கிறது. விவரங்களை முக்கியமான அளவுக்கு அறியாமல் ஒருவர் தரும் பின்னேற்பு செல்லாது என்பது அதன் கருத்து. வேன் வாங்கியதைச் சொல்லி, அது தலைவரின் மைத்துனருடைய வேன் என்பதைச் சொல்லாமல் கை தூக்க வைத்தால், அந்தப் பின்னேற்பு நிலைப்பது சந்தேகமே. ஆகவேதான் கூட்டத்தில் எழுந்து விலை என்ன, விற்றவர் யார், வாங்கிய நாள் எது என்று கேட்பவரைக் குறுக்குச்சால் ஓட்டுபவர் என்று உட்கார வைக்கக்கூடாது. அவர் கேட்டுப் பெறும் பதிலில்தான் தீர்மானத்தின் உயிரே இருக்கிறது.

153ஆம் பிரிவு வெளியாருக்கு அரண். ஒரு வீட்டு வாடகை ஒப்பந்தத்தை மூன்று மாத முன்னறிவிப்பில் முடித்துக்கொள்ளலாம் என்று இருக்கிறது. அதிகாரமே இல்லாத ஒருவர், வீட்டுக்காரர் பெயரைச் சொல்லி, குடியிருப்பவரிடம் காலி செய்யுமாறு அறிவிப்பு கொடுக்கிறார். வீட்டுக்காரர் பிறகு ‘அது என் அறிவிப்புதான்’ என்று ஏற்றுக்கொண்டாலும், அந்த அறிவிப்பு குடியிருப்பவரைக் கட்டுப்படுத்தாது. வாடகை வீட்டில் இருப்பவர்கள் இதைக் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

எதை ஏற்க முடியாது?

எல்லாவற்றையும் பின்னேற்பு செய்துவிட முடியாது. 1871இல் தீர்ப்பான ஓர் ஆங்கில வழக்கில், ஒருவருடைய கையெழுத்தை அவருடைய உறவினரே கடன் பத்திரத்தில் போலியாகப் போட்டுவிட்டார். உறவினர் சிறைக்குப் போவதைத் தடுக்க நினைத்து, அவர் ‘அந்தக் கடனுக்கு நானே பொறுப்பு’ என்று எழுதிக் கொடுத்தார். நீதிமன்றம் ஏற்கவில்லை. போலிக் கையெழுத்துப் போட்டவர், மற்றவருக்காகச் செயல்பட்டவர் அல்லர், மற்றவராகவே நடித்தவர். அதைப் பின்னேற்பு செய்ய வழியில்லை.

இந்த நுட்பத்தின் இன்னொரு முகம் 1901இல் பிரபுக்கள் சபைக்குப் போன கோதுமை வழக்கு. ராபர்ட்ஸ் என்ற தரகர், தமக்குச் சொல்லப்பட்ட விலைக்கு மேல் கொடுத்துக் கோதுமை வாங்கினார். அதுவும் யாருக்காக வாங்குகிறோம் என்று விற்றவரிடம் சொல்லாமல், சொந்தப் பெயரிலேயே வாங்கினார். மறுநாள் அவருடைய பங்காளி நிறுவனம் சம்மதம் சொன்னது. பிறகு சரக்கை எடுக்கவில்லை. விற்றவர் வழக்குப் போட்டார். வாங்கும்போது அந்த நிறுவனத்துக்காக வாங்குவதாகக் காட்டிக்கொள்ளாததால், பின்னேற்புக்கே இடமில்லை, நிறுவனம் பொறுப்பில்லை என்று முடிந்தது. ஆக, கழகத் தலைவர் வேனைத் தம் சொந்தப் பெயரில் வாங்கியிருந்தால், பொதுக்கூட்டம் எத்தனை கை தூக்கினாலும் அதை இந்தச் சட்டத்தின் பொருளில் பின்னேற்பு என்று சொல்ல முடியாது. கழகம் அவரிடமிருந்து அதை வாங்கிக்கொள்ளலாம். அது வேறு வியாபாரம்.

பிறக்காத பிள்ளைக்கும் ஒரு வழக்கு இருக்கிறது. 1866இல் இங்கிலாந்தில் ஒரு ஹோட்டல் நிறுவனத்தைத் தொடங்க இருந்தவர்கள், அது பதிவாகும் முன்பே அதன் பெயரில் மது வகைகள் வாங்கினார்கள். நிறுவனம் பதிவானது, சரக்கும் குடித்துத் தீர்ந்தது, நிறுவனமும் நொடித்தது. வாங்கிய நாளில் இல்லாத நிறுவனம் அதைப் பின்னேற்பு செய்ய முடியாது என்று கூறி, வாங்கியவர்களே கட்ட வேண்டும் என்றது நீதிமன்றம். இன்று மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நிறுவனச் சட்டம் இதை மாற்றிவிட்டது. பதிவுக்கு முந்திய ஒப்பந்தத்தை, பதிவான பின் நிறுவனம் பின்னேற்பு செய்யலாம். செய்யாவிட்டால் கையெழுத்திட்டவர் தலையில்தான் விடியும். சிறு தொழில் தொடங்கும் இளைஞர்கள் கடை வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் இதை நினைவில் கொள்வது நல்லது.

அண்டை வீட்டுச் சொற்கள்

சேங்ஷன் விசித்திரமான சொல். ‘கடன் சேங்ஷன் ஆகிவிட்டது’ என்றால் மகிழ்ச்சி. ‘அந்த நாட்டின்மீது சேங்ஷன்’ என்றால் தண்டனை. இரண்டுக்கும் வேர் ஒன்றே. எண்டோர்ஸ் என்பது காசோலையின் முதுகில் கையெழுத்திடுவதில் தொடங்கி, இன்று விளம்பரத்தில் நடிகர் பொருளைப் பரிந்துரைப்பது வரை வந்துவிட்டது.

அசெண்ட் என்பது நாட்டுத் தலைவருக்கு உரியது. மலேசிய நாடாளுமன்றம் நிறைவேற்றிய மசோதாவுக்கு மாமன்னர் தருவது அசெண்ட். மலாயில் அரசர்களுக்கென்றே உள்ள ‘பெர்க்கெனான்’ என்ற சொல் அதற்கு வழங்குகிறது. 1994ஆம் ஆண்டு அரசியல் சட்டத் திருத்தத்தின்படி, மசோதா சமர்ப்பிக்கப்பட்ட 30 நாட்களுக்குள் அந்த இசைவு வராவிட்டால், வந்ததாகவே கொண்டு அது சட்டமாகிவிடும். மாமன்னர் மசோதாவை ரேட்டிஃபை செய்தார் என்று எழுதுவது பிழை.

அமெரிக்க அரசியல் சட்டத் திருத்தங்களுக்கோ ரேட்டிஃபை சரியான சொல். மாநிலங்களில் நான்கில் மூன்று பங்கு அதைச் செய்ய வேண்டும். 1789இல் முன்மொழியப்பட்ட ஒரு திருத்தம், போதுமான மாநிலங்கள் சேர்ந்து 27ஆவது திருத்தமாக நிலைபெற்றது 1992இல். இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஒரு சொல் காத்திருந்தது.

சங்கங்களுக்கு மிகவும் வேண்டியது கன்ஃபர்ம் என்ற சொல்லின் எல்லை. சென்ற கூட்டத்தின் குறிப்புகளை வாசித்து, ‘உறுதிப்படுத்தப்பட்டது’ என்று எழுதுகிறார்கள். அதன் பொருள், நடந்ததை நடந்தபடி எழுதியிருக்கிறார்கள் என்பது மட்டுமே. அந்தக் கூட்டத்தில் யாரோ சொன்ன செலவை எல்லாரும் ஏற்றுக்கொண்டார்கள் என்பது அதற்குப் பொருளன்று. ‘குறிப்பில்தான் வந்துவிட்டதே, நீங்களும் உறுதிப்படுத்தினீர்களே’ என்று பொருளாளர் சொன்னால், குறிப்பை உறுதிப்படுத்துவது வேறு, செலவைப் பின்னேற்பு செய்வது வேறு என்று பதில் சொல்லலாம். சங்க விதிகளைத் திருத்தும்போதும் கவனம் வேண்டும். பொதுக்கூட்டம் நிறைவேற்றிய விதித் திருத்தம் சங்கப் பதிவதிகாரியின் ஒப்புதல் வந்த பிறகே நடப்புக்கு வரும். அந்த ஒப்புதல் அப்ரூவ் என்ற வகையைச் சேர்ந்தது. அது வருவதற்கு முன்பே புதிய விதிப்படி தேர்தல் நடத்திவிட்டு, பின்னால் ரேட்டிஃபை செய்துகொள்ளலாம் என்று நினைத்தால் வழக்கில்தான் போய் நிற்கும்.

பின்னேற்புத் தீர்மானத்தை எழுதும் செயலாளர், ‘தலைவரின் நடவடிக்கைகள் அங்கீகரிக்கப்பட்டன’ என்று ஒரே வரியில் முடிப்பது வழக்கம். அந்த ஒரு வரிக்குள் எந்த நடவடிக்கையும் புகுந்துகொள்ளும். இன்ன நாளில், இன்னாரிடம், இத்தனை வெள்ளிக்கு, விதி அனுமதித்த அளவைத் தாண்டித் தலைவர் கழகத்தின் பெயரில் வாங்கிய இன்ன வேனை, விவரங்கள் அனைத்தும் கூட்டத்தின் முன் வைக்கப்பட்ட பின், கழகம் பின்னேற்பு செய்கிறது என்று எழுத வேண்டும். எதிர்த்து வாக்களித்தவர்களின் எண்ணிக்கையும் அதற்கு அடியில் வரவேண்டும்.